ஓசூரின் கார்பரேட்டர் காலம்

ஓசூரில் தயாரான டிவிஎஸ் 50 1980இல் விற்பனைக்கு வந்தபோது, இருவர் உட்கார்ந்து போகும் மொபெட் நாட்டுக்கே புதிது. நான்கே ஆண்டில் அதே ஊரிலிருந்து இண்ட்-சுசுகி ஏஎக்ஸ்100 வெளிவந்தது: 98 சிசி, டூ-ஸ்ட்ரோக், ஜப்பானியக் கூட்டு. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் குடும்பங்கள் பெருகின. பெங்களூர் 40 கிலோமீட்டர்தான் என்பதால், 1996 வரை மைசூரில் தயாரான எஸ்டி பைக்குகளுக்கும் ஓசூர்ச் சாலை பழக்கம்.

இந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் உயிர் கார்பரேட்டர். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் பெரும்பாலான புதிய பைக்குகளில் அந்த இடத்தை ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் பிடித்துக்கொண்டது. ஆனால் அப்பாவின் பழைய சுசுகி இன்னும் பல வீட்டுத் தாழ்வாரங்களில் நிற்கிறது. பிள்ளைகள் அதை ஓட்டிப் பார்க்க ஆசைப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

வருடக்கணக்கில் நின்ற வண்டியில் கார்பரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றினால் முதலில் வருவது வார்னிஷ் வாடை. பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். அடியில் பழுப்புப் பிசின். ஆயில் கலந்து ஊற்றிய டிவிஎஸ் 50 போன்றவற்றில் அந்த ஆயிலும் சேர்ந்து தடித்துக் கிடக்கும். தண்ணீர் இறங்கியிருந்தால் உலோகத்தின் மேல் வெள்ளைப் பூஞ்சை போல உப்பு பூக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் இன்றைய பெட்ரோலில் இந்தத் தொல்லை கூடியிருக்கிறது.

சோக் போட்டால் ஓடி, எடுத்தால் நின்றுவிடுகிறதா? பெரும்பாலும் பைலட் ஜெட் அடைப்பு. அதன் துளை மிக நுண்ணியது. பொறுமை இல்லாதவர் இரும்புக் கம்பியை விட்டுக் குத்துவார். பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட்டை வைத்து டியூனிங் நிற்காது. கைதேர்ந்த மெக்கானிக் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். பெட்ரோல் வெளியே வழிந்தால் நீடில் வால்வையோ ஃப்ளோட்டையோ பார்க்க வேண்டும். ஐடிலிங் ஏறிக்கொண்டே போய் இறங்க மறுத்தால் கார்பரேட்டர் மீது மட்டும் பழி போடக் கூடாது. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஆயில் சீல் காய்ந்து காற்று இழுத்தாலும் இதே கோளாறுதான்.

காதால் கேட்டு ஏர் ஸ்குரூவைத் திருப்பும் இந்தக் கைவேலையும் ஓசூர் ஆலைகளின் வரலாற்றில் ஒரு பாதி. அது அந்தக் கைகளோடு போய்விடக் கூடாது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: மெக்கானிக் கார்பரேட்டரை மொத்தமாக மாற்றச் சொன்னாலும் பழையதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், ஒரிஜினல் ஜெட்டுகள் அதில்தான் இருக்கின்றன. இனி நிறுத்தி வைப்பதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.