மாத்திரையை இடித்த என் தங்கை

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் எனும் பெருங்குடல் புண்ணுக்குத் தந்த மாத்திரை பெரிதாக இருக்கிறதென்று, போன வாரம் என் தங்கை அதை இடித்துத் தேனில் குழைத்தாள். பதறிப்போய்த் தடுத்தேன். ஏனென்று கேட்டாள். வாத்தியார் ஆயிற்றே, வரலாற்றிலிருந்துதான் தொடங்கினேன்.

ஸ்வீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ். 1937இல் அந்நாட்டு அரசு நியமித்த முதல் பெண் பேராசிரியர். மூட்டுவாதத்துக்காக, சல்பா மருந்தையும் ஆஸ்பிரினுக்கு உறவான ஒரு சாலிசிலேட்டையும் ஒரே மூலக்கூறாக இணைக்க வைத்தார். அந்தச் சல்பாசலசின் குடல் புண்ணையும் ஆற்றியது. அந்த இணைப்பை அறுப்பவை பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள்!

ஆற்றியது எந்தப் பாதி? 1977இல் ஆக்ஸ்போர்டில் வங்கதேசத்து ஆசாத் கானும் ட்ரூலவும் இரண்டையும் தனித்தனியே எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆற்றியது சாலிசிலேட் பாதியான மெசலசின். சல்பா வெறும் சுமைதூக்கி. குமட்டல், தலைவலி பெரும்பாலும் அதன் கூலி.

ஆனால் மெசலசினைத் தனியே விழுங்கினால் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடும். எனவே இரைப்பை அமிலத்தில் கரையாமல், குடலின் கடைப்பகுதியில் கரையும் பூச்சைப் பூசினார்கள். தங்கை இடித்தது அந்தப் பூச்சைத்தான்.

விழுங்க முடியாதவர்களுக்குக் குறுணையாகவும் வருகிறது; அதையும் மெல்லக் கூடாது. திங்கட்கிழமை டாக்டரிடம் கேட்கப் போகிறோம்.