அந்நியர்களால் ஆன கணினி

பல கணினிகளை ஒன்றாக இயங்கவைப்பது என்றதும் நாம் கம்பிகளையும் வேகத்தையும் பற்றியே பேசத் தொடங்குகிறோம். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1999 மே 17 அன்று தொடங்கப்பட்ட ஸெட்டி அட் ஹோம் திட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால், உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருந்தது தெரியும்.

வேற்றுலக அறிவுயிர்களின் வானொலிச் சமிக்ஞையைத் தேடுவதே நோக்கம். போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவிலிருந்த 305 மீட்டர் தொலைநோக்கி பிறரது ஆய்வுகளுக்காக வானைப் பார்த்திருக்கையில், அதில் தொற்றிக்கொண்ட ஒரு கருவி 1420 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளை நாடாவில் பதிந்தது. நாடாக்கள் அஞ்சலில் பெர்க்லிக்குப் போயின. (இணைய யுகத்தின் சாதனையாகச் சொல்லப்படும் இதன் முதற்படி தபாலை நம்பியிருந்ததை நான் ரசிப்பதுண்டு.) அங்கே அப்பதிவு 107 விநாடி நீளமும் ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் அகலமும் கொண்ட துண்டுகளாக நறுக்கப்பட்டது. துண்டொன்று சுமார் 350 கிலோபைட். தொலைபேசிவழி இணையத்திலும் சில நிமிடங்களில் இறங்கிவிடும். ஒன்றைச் சோதிக்க மற்றொன்றின் விடை தேவையில்லை என்பதால் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியதே இல்லை. உரிமையாளர் எழுந்து போனதும் திரைக்காப்பாக விழித்துக்கொண்டு நிரல் தன் வேலையைப் பார்க்கும். விடை பெர்க்லிக்குத் திரும்பும்.

காலப்போக்கில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் சேர்ந்தனர். தொல்லையும் அங்கேதான் பிறந்தது. முடித்த துண்டுகளின் எண்ணிக்கையைப் பங்கேற்பாளர் பெயருடன் தரப்பட்டியலில் வெளியிட்டார்கள். பணமில்லை, பரிசில்லை, வெறும் பட்டியல். அதில் ஏறுவதற்காகச் சிலர் நிரலைத் திருத்திக் கணக்கைச் செய்யாமலேயே விடை அனுப்பினர். கெட்ட எண்ணமே இல்லாத கணினிகளும் சூடேறிப் பிழையான எண்களைத் தந்தன. விண்மீன்களிடையே அறிவைத் தேடப் புறப்பட்டவர்கள் மனிதரின் அற்பத்தனத்துக்கும் கணக்கு வைக்கவேண்டியதாயிற்று. ஒரே துண்டை, ஒருவரையொருவர் அறியாத இருவருக்கோ மேற்பட்டோருக்கோ அனுப்பி, விடைகள் ஒத்துப்போனால் மட்டும் ஏற்றார்கள். கிடைத்த ஆற்றலில் பாதிக்குமேல் இப்படிச் சந்தேகத்துக்கே செலவானது. இதை விரயமென்று நான் சொல்லமாட்டேன். முகமறியாதவர்களின் இயந்திரங்களை ஒரே கணினியாக்கியது வலையமைப்பு அல்ல, இந்தச் சரிபார்ப்புதான்.

2020 மார்ச் 31 அன்று துண்டுகள் அனுப்புவது நின்றது. சேர்ந்த விடைகளை ஆராய்வதே அப்போது மிச்சமிருந்தது. வேற்றுலகக் குரலென்று உறுதியானது எதுவும் அதுவரை அகப்படவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, அரெசிபோவில் வடங்களில் தொங்கிய 900 டன் மேடை அறுந்து கிண்ணத்தின்மேல் விழுந்தது.