மனநலச் சிகிச்சை: அட்டை இல்லாதவர்க்கும் உரிமை உண்டு

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். மனநோயாளிகளை எவ்வகையிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 95இன்படி, தடை செய்கிறது. இது ஓரளவு அறியப்பட்டதே. நாங்கள் சுட்ட விரும்புவது அதிகம் பேசப்படாத 18ஆம் பிரிவை.

சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்னும் அப்பிரிவு, பாலினம், மதம், வர்க்கம் ஆகியவற்றோடு சாதியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் வீடற்றோர்க்கும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல நிறுவனங்கள் அனைத்திலும் சிகிச்சை இலவசம். வறுமைக்கோட்டு அட்டை இருப்பினும் இல்லாவிடினும் இது பொருந்தும் என்று சட்டமே சொல்கிறது. புறம்போக்கில் குடியிருப்போர்க்கு ஓர் அட்டை எத்தனை அரிது என்பதை இங்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே, அட்டை இல்லை என்று கட்டணம் கேட்பதும் திருப்பி அனுப்புவதும் சட்டமீறல்.

அவ்வாறு நேர்ந்தால் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, பொறுப்பு மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் முறையிடுக. தீர்வு இல்லையேல் மனநல மறுஆய்வு வாரியம், அதன்பின் மாநில மனநல ஆணையம்: இது பிரிவு 28 காட்டும் வழி. பிரிவு 27 இலவசச் சட்ட உதவியை உறுதி செய்கிறது. அவ்வுரிமையை நோயாளிக்கு எடுத்துரைப்பது காவல் அலுவலரின் கடமையும் ஆகும். அக்கடமையைச் செய்த ஒருவரை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.