செவியிலிருந்து அட்டவணைக்கு: எஞ்சின் கணினியின் பூட்டும் திறப்பும்

கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்கின் முதன்மையான கருவி அவருடைய காது. எஞ்சினை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் திருகைக் கால் சுற்று திருப்புவார். ஓசை சீராகும் இடத்தில் கையை நிறுத்துவார். கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் முனையில் படிந்திருக்கும் கரியைப் பார்த்தே, பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறதா, குறைவாகச் செல்கிறதா என்று சொல்லிவிடுவார். இந்த அறிவின் பெரும்பகுதி ஏட்டில் ஏறாதது. குருவின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டது. 'டியூனிங்' என்ற சொல்லே இசைக்கருவிக்குச் சுருதி கூட்டுவதிலிருந்து வந்தது என்பது தற்செயலன்று.

இன்று ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு டியூனிங் செய்பவர் அந்தக் காரை ஒருமுறையேனும் பார்த்திருக்க வேண்டியதில்லை. வேறொரு நாட்டில் மடிக்கணினியின் முன் அமர்ந்து, காரிலிருந்து வந்த எண்களைப் படித்து, திருத்திய கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறார். காதால் கற்ற கலை எழுத்தாக மாறியதால்தான் இது இயன்றது. எழுத்தானவுடன், எழுதப்பட்டதை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்ற கேள்வியும் கூடவே பிறந்தது. எஞ்சின் கணினியின் வரலாறு பெருமளவில் அந்தக் கேள்வியின் வரலாறுதான்.

மின்னணு முறையில் பெட்ரோலை அளந்து தெளிக்கும் முயற்சியை 1950களில் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் தொடங்கியது. 1958ஆம் ஆண்டு மாடல்களாகக் கிரைஸ்லர் நிறுவனம் அதைப் பொருத்தி விற்ற கார்கள் சில டஜன்களே. அக்கால மின்னணுப் பாகங்கள் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கவில்லை. விற்ற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு மீண்டும் கார்புரேட்டரே பொருத்தப்பட்டது. பெண்டிக்ஸின் காப்புரிமைகளைப் பெற்ற ஜெர்மனியின் போஷ் நிறுவனம், டிரான்சிஸ்டர்கள் மேம்பட்ட பிறகு, 1967இல் 'டி-ஜெட்ரானிக்' என்ற அமைப்பை வோக்ஸ்வாகன் 1600 காரில் வெற்றிகரமாகக் கொண்டுவந்தது.

இதற்குப் பின்னால் இருந்த உந்துவிசை, வேகத்தின் மீதான ஆசை மட்டுமன்று, காற்று மாசும்தான். 1970ஆம் ஆண்டின் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் கார்களின் புகைக்குக் கடுமையான வரம்புகளை விதித்தது. 1976இல் போஷ் தயாரித்த ஆக்சிஜன் உணரி வால்வோ கார்களில் இடம்பெற்றது. வெளியேறும் புகையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அறிந்து, பெட்ரோலின் அளவைக் கணந்தோறும் திருத்திக்கொள்ள அது வழிசெய்தது. 1979இல் பி.எம்.டபிள்யூ 732ஐ காரில் வந்த 'மோட்ரானிக்', பெட்ரோல் தெளிப்பையும் தீப்பொறியின் நேரத்தையும் ஒரே டிஜிட்டல் கணினியின் கீழ் கொண்டுவந்தது. மெக்கானிக்கின் இரு பெரும் வேலைகளும் அன்றே ஒரு சிறிய உலோகப் பெட்டிக்குள் புகுந்துவிட்டன.

அந்தப் பெட்டிக்குள் இருப்பவை அடிப்படையில் அட்டவணைகள். ஒரு பக்கம் எஞ்சினின் வேகம். மறுபக்கம் அதன் மேல் ஏறியிருக்கும் சுமை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். எவ்வளவு பெட்ரோல் என்பதற்கு ஓர் அட்டவணை, எப்போது தீப்பொறி என்பதற்கு இன்னொன்று. பெட்ரோல் ஒரு கிராம் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். முழு வேகத்தில் விரையும்போது எஞ்சினைக் காக்கப் பெட்ரோலைச் சற்றுக் கூட்டியே தரவேண்டும். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 10 மில்லி நொடி. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 30 பாகை முன்னதாகத் தீப்பொறி விழவேண்டுமானால், கணினியிடம் இருக்கும் இடைவெளி ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. இந்தத் துல்லியத்தை எந்தத் திருகும் எந்தக் காதும் தரமுடியாது.

ஆனால் தொழிற்சாலை எழுதிய அட்டவணை தொழிற்சாலை விற்ற எஞ்சினுக்கே பொருந்தும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1989இல் சிகாகோ கார்க் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்.எக்ஸ்-5. எளிய, எடை குறைந்த, இரண்டு பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். அதன் 1.6 லிட்டர் எஞ்சின் காற்றை அளக்க ஒரு கதவுமடல் போன்ற தகட்டை நம்பியிருந்தது. காற்று தள்ளத் தள்ள மடல் திறக்கும். திறந்த கோணத்தைக் கணினி படிக்கும். டர்போசார்ஜர் பொருத்தியவர்களுக்கு இங்கேதான் சிக்கல் எழுந்தது. மடல் முழுவதும் திறந்த பிறகு மேலும் எவ்வளவு காற்று வந்தாலும் கணினிக்குத் தெரியாது. காற்று கூடும், பெட்ரோல் கூடாது. எஞ்சின் சூடேறிச் சிதையும். கணினியின் எண்களை மாற்றலாம் என்றால், அவை வெளியார் திருத்தமுடியாதபடி சில்லுக்குள் நிலையாகப் பதிந்திருந்தன. எனவே தொடக்ககால டர்போ தொகுப்புகள் கணினியை ஏமாற்றும் வழிகளை நாடின. டர்போவின் அழுத்தம் ஏறும்போது பெட்ரோலின் அழுத்தத்தையும் பன்மடங்கு ஏற்றும் ஒரு வால்வு அவற்றுள் ஒன்று. வேலை நடந்தது, ஆனால் எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று எவராலும் துல்லியமாகச் சொல்லமுடியவில்லை.

பூட்டைத் திறக்க இரண்டு வழிகள் இருந்தன. சில நிறுவனங்களின் கணினிகளில் அட்டவணைகள் தனிச் சில்லில் இருந்தன. அதைக் கழற்றி, உள்ளிருந்ததைப் படித்து, திருத்திய எண்களோடு வேறு சில்லைப் பொருத்தினார்கள். அந்த வகைச் சில்லின் தலையில் ஒரு கண்ணாடிச் சாளரம் இருக்கும். புறஊதா ஒளியில் சில நிமிடங்கள் வைத்தால் பழைய எழுத்து அழியும், பிறகு புதிதாக எழுதலாம். ஏட்டுச்சுவடியைச் சுரண்டிவிட்டு மறுபடி எழுதுவது போன்ற வேலைதான்.

இரண்டாவது வழி, தொழிற்சாலைக் கணினியையே அகற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது. இதில் முன்னோடிகளாக நின்றவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். ஹால்டெக் 1986இல் சிட்னியிலும், மோடெக் 1987இல் மெல்போர்னிலும் தொடங்கின. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் லிங்க் உருவானது. 1980களின் இறுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், ஜப்பானில் ஓடிய டர்போ கார்கள் நியூசிலாந்தில் பெருமளவில் வந்து இறங்கின. மாற்றியமைக்க விரும்பும் மக்களும், மாற்றத்துக்கு ஏற்ற எஞ்சின்களும் ஒரே இடத்தில் கூடின. ஓடும் எஞ்சினோடு கணினியை இணைத்து, எண்ணை மாற்றிய அக்கணமே விளைவைப் பார்க்கும் வசதி தனியார் கைக்கு வந்தது. ஆயினும் விலை அதிகம். பந்தயக்காரர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்குமே எட்டியது.

2001இல் அமெரிக்காவின் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ ஆகிய இருவரும் 'மெகாஸ்கொயர்ட்' என்ற எஞ்சின் கணினியை வெளியிட்டனர். வாங்குபவரே பாகங்களைப் பற்றவைத்துச் செய்துகொள்ளும் தொகுப்பு அது. எட்டுக்கு எட்டு என்ற 64 கட்ட அட்டவணையோடு தொடங்கிய அந்தக் கணினி, விலையுயர்ந்தவற்றோடு ஒப்பிட்டால் எளிமையானதுதான். அதன் பெருமை வேறிடத்தில் இருந்தது. மின்சுற்று வரைபடமும் நிரலும் எவரும் படிக்கத்தக்கவையாக வெளியிடப்பட்டன. ஏன் இந்த எண் இங்கே இருக்கிறது என்று ஒரு சாதாரண உரிமையாளர் கேட்கவும், விடையைத் தானே தேடவும் முடிந்தது. பின்னாளில் அர்டுயினோ பலகையில் ஓடும் 'ஸ்பீடுயினோ' போன்ற திறந்தநிலைத் திட்டங்களும் இந்த வழியிலேயே வந்தன.

தொலைதூர டியூனிங் இந்தப் பின்னணியில்தான் முளைத்தது. கலவையின் விகிதத்தைப் பரந்த எல்லைக்குள் அளந்து சொல்லும் அகலப்பட்டை ஆக்சிஜன் உணரி 2000களில் விலை குறைந்தது இன்னொரு காரணம். நடைமுறை எளிது. உரிமையாளர் கணினியைப் பொருத்தி, டியூனர் அனுப்பும் அடிப்படைக் கோப்பை ஏற்றுவார். எஞ்சினைத் தொடங்கியதும் டைமிங் லைட்டைப் பிடித்து, கணினி சொல்லும் பாகையும் கப்பியின் குறியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். இந்த ஒரு சோதனையைத் தவறவிட்டால் பின்னால் வரும் எல்லா எண்களும் பொய்யாகிவிடும். பிறகு சாலையில் ஓட்டி, நொடிக்குப் பலமுறை பதிவாகும் அளவுகளை அனுப்புவார். டியூனர் திருத்துவார், மறுபடி ஓட்டம், மறுபடி பதிவு.

இந்த முறைக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. குளிர்ந்த எஞ்சின் தொடங்கும் விதத்தைச் சரிசெய்ய, எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். நடைமுறையில் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் அந்த வாய்ப்பு. சில மணி நேரத்துக்கு மட்டும் காரைப் பெறும் பட்டறையில் இதற்கு நேரம் கிடைப்பதில்லை. உரிமையாளரின் வீட்டு வாசலில் ஒவ்வொரு காலையும் கிடைக்கும்.

அதன் குறையும் தெளிவானதே. எண்ணில் ஏறாத ஓசை ஒன்று உண்டு. சிலிண்டருக்குள் சுடர் வந்து சேரும் முன்பே, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் எஞ்சிய கலவை தானே வெடிப்பதை நாக்கிங் என்பார்கள். கடும் சுமையில் இது நீடித்தால் பிஸ்டன் உடையும். தொடக்ககால எம்.எக்ஸ்-5இல் இதை அறியும் உணரியே கிடையாது. எனவே பதிவுக் கோப்பில் எல்லாம் சீராகத் தெரியும்போதே எஞ்சின் சிதைந்துகொண்டிருக்கலாம். அனுபவமுள்ள டியூனர்கள் இன்றும் எஞ்சின் கட்டையில் ஒரு செப்புக் குழாயையோ ஒலிவாங்கியையோ பொருத்தி, காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். கணினி காதை ஓய்வுபெறச் செய்துவிட்டது என்று சொல்லத் தோன்றும் இடத்தில், காது மீண்டும் வந்து நிற்கிறது. தொலைவில் இருப்பவருக்கு அந்தக் காது இல்லை. நேர்மையான டியூனர் இதனால்தான் தீப்பொறியின் நேரத்தில் பாதுகாப்பான இடைவெளி விட்டு எழுதுகிறார்; உச்ச சுமைக்கான திருத்தத்தை டைனமோமீட்டர் உள்ள பட்டறையில் செய்யச் சொல்கிறார்.

கணினியைத் தேர்வு செய்பவர்கள் பெரும்பாலும் விலையையும் வசதிகளின் பட்டியலையுமே ஒப்பிடுகிறார்கள். உண்மையில் அவர்கள் தேர்ந்தெடுப்பது ஒரு மொழியை. ஒவ்வொரு நிறுவனத்தின் மென்பொருளும் ஒரே செய்தியை வேறு அலகுகளில், வேறு பெயர்களில் எழுதுகிறது. ஒன்றில் பழகிய டியூனர் மற்றொன்றில் தடுமாறுவார். ஆகவே யார் டியூனிங் செய்யப்போகிறார் என்பதை முதலில் முடிவுசெய்து, அவருக்கு நன்கு தெரிந்த கணினியை வாங்குவதே அறிவுடைமை. எஞ்சினின் சுழற்சி உணரி தரும் துடிப்பை அந்தக் கணினி புரிந்துகொள்ளுமா, காரின் பழைய கம்பி இணைப்பில் நேரடியாகப் பொருந்துமா என்பன அடுத்த கேள்விகள்.

இதற்கிடையே பூட்டு சட்டத்தின் வடிவிலும் வந்தது. 1998ஆம் ஆண்டின் அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, கார் மென்பொருளின் பூட்டை உடைப்பது உரிமையாளருக்கே குற்றமாகலாம் என்ற நிலை இருந்தது. விலக்கு கோரியபோது, 2015 ஜூலையில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எதிர்ப்புத் தெரிவித்தது. திருத்தங்கள் மாசைக் கூட்டும் என்பது அதன் அச்சம். அதே ஆண்டு செப்டம்பரில் வோக்ஸ்வாகனின் மோசடியை அந்த முகமையே அறிவிக்க நேர்ந்தது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் நிரல், உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் ஒளிந்திருந்தது. அதற்கு அடிகோலியது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு. அரவிந்த் திருவேங்கடமும் அங்கம் வகித்த அக்குழு, கார்களைச் சாலையில் ஓட்டி அளந்தே முரண்பாட்டைக் கண்டது. பூட்டிய எழுத்துக்குள் பொய்யை எழுதியவர் தயாரிப்பாளராகவும் இருக்கலாம் என்பது உலகுக்குத் தெரிந்தது. அக்டோபரில் உரிமையாளர்களுக்கு விலக்கு வழங்கப்பட்டது. 2018இல் அவர்களுக்காக வேலை செய்யும் பிறருக்கும் அது நீண்டது.

எனினும் முகமையின் அச்சம் வெறும் கற்பனையன்று. கடந்த பத்தாண்டில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் மாசுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதாக 2020இல் அது மதிப்பிட்டது. எஞ்சின் உரிமையாளருடையது, புகை எல்லோருடையது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்-6 விதிகள், இருசக்கர வண்டிகளிலிருந்தும் கார்புரேட்டரைப் பெரும்பாலும் விடைபெறச் செய்தன. பந்தயத் திடலுக்கு வெளியே டியூனிங் பேசுவோர் இந்த எல்லைகளை மறக்கலாகாது.

இந்த வரலாற்றில் ஒரு முரண் எஞ்சியிருக்கிறது. தயாரிப்பாளரின் பூட்டை எதிர்த்துப் பிறந்த தொழிலில், இன்று பல டியூனர்கள் தாம் எழுதிய கோப்புக்குக் கடவுச்சொல் இடுகிறார்கள். தம் உழைப்பைப் பிறர் படியெடுப்பதைத் தடுக்க அது வேண்டும் என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் டியூனர் தொழிலை விட்டாலோ, தொடர்பு அற்றுப்போனாலோ, இன்ஜெக்டர் ஒன்றை மாற்றியதற்குக்கூடப் புதிய மெக்கானிக்கால் எண்ணைத் திருத்தமுடியாது. பழைய கார்புரேட்டரின் திருகு அடுத்து வருபவரின் கைக்கும் திறந்தே இருந்தது. பணம் தருவதற்கு முன்பே, கோப்பு பூட்டின்றிக் கிடைக்குமா என்று டியூனரிடம் கேட்டுக்கொள்வதும், கிடைத்த கோப்பின் ஒரு படியைக் காரின் பதிவுச் சான்றோடு சேர்த்துப் பாதுகாப்பதும் உரிமையாளரின் கடமை.