தேசவழமையும் மூலநூல் நேர்மையும்

யாழ்ப்பாணத் தமிழரிடையே வாய்மொழியாக வழங்கிவந்த தேசவழமை, ஒல்லாந்தர் காலத்தில் எழுத்துருப் பெற்றது. தேசாதிபதி கோர்ணேலிஸ் ஜோன் சைமன்ஸின் பணிப்பின்படி திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அதனை ஒல்லாந்த மொழியில் தொகுத்து, 1707 ஆம் ஆண்டில் நிறைவு செய்தார். எனினும், அத்தொகுப்பு அவ்வாறே ஏற்கப்படவில்லை. தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களிடம் ஒப்படைக்கப்பட்டது. வழக்கத்தை அறிந்த அவர்கள் ஆராய்ந்து உடன்பட்ட பின்னரே அது நீதிமன்றங்களின் கைநூலாயிற்று.

பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர். 1862 இல் முத்துக்கிருஷ்ணா, நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்து அதனை நூலாக வெளியிட்டார். 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ கணவன் மனைவியர் சொத்துரிமையையும் மரபுரிமையையும் பற்றிய விதிகளைப் பெரிதும் மாற்றியமைத்தது.

ஆகவே, சட்ட மாணவர் கையிலுள்ள ஆங்கில வாசகம் மூல வழக்காற்றிலிருந்து பல படிகள் விலகியதாகும். பாடநூலிற் கண்ட மேற்கோளை மூலத்திற் கண்டதாகக் காட்டுவோர், இப்படிகளையெல்லாம் மறைத்துவிடுகின்றனர். பழைய விதியொன்று நடைமுறை விதியாகத் தோற்றம் பெறவும், ஒரு பெண்ணின் சீதனக் காணி பற்றிய முடிவு பிழைபடவும் அது இடமளிக்கும். தாம் கண்ட படி எதுவோ அதனையே குறிப்பிடுதல் வெறும் எழுத்தொழுங்கன்று. பன்னிரு முதலியார்கள் ஆற்றிய பணியின் தொடர்ச்சியே அதுவாகும்.