யாருடைய மிச்சம்? நாய் பிஸ்கட்டின் சிறு வரலாறு

மிஞ்சின சோறு, அவிச்ச பூசணி, ஒரு முட்டை, கொஞ்சம் கோதுமை மா. எல்லாத்தையும் பிசைஞ்சு, தட்டி, வெட்டி, மெல்லிய சூட்டில் மொறுமொறுப்பாக வெதுப்பினால் நாய் பிஸ்கட் தயார். இப்போது இதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரிச் சொல்கிறார்கள். எங்கட அம்மம்மாவிடம் சொன்னால் சிரிப்பா. நாய்க்கு மிஞ்சினதைப் போடாமல் வேற என்னத்தைப் போடுறது? காலங்காலமாக வழமையாக இருந்த ஒன்று எப்போது 'மாற்று வழி' ஆகியது? இதைத்தான் இங்கே கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கிறோம்.

ரோமில் கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா, விவசாயம் பற்றிய தன் நூலில் பண்ணை நாய்களுக்கும் சாப்பாடு சொல்லியிருக்கிறார். பால் கிடைக்கும் இடமென்றால், வாற்கோதுமை மாவைப் பால் திரிந்த தண்ணீரோடு கலந்து வைக்கலாம். இல்லாவிட்டால் ரொட்டியில் அவரை அவித்த தண்ணீரை இளஞ்சூட்டில் ஊற்றலாம். எங்கட வீடுகளில் பழைய சட்டியில் சோறும் மீன்தலையும் போடுற அதே கணக்குத்தான். வீட்டில் என்ன இருக்கிறதோ அதில் நாய்க்கும் ஒரு பங்கு.

இந்தக் கணக்கு 1860களில் லண்டனில் மாறத் தொடங்கியது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் இருந்து இடிதாங்கி விற்க வந்தவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட். துறைமுகத்தில் கப்பற்காரர் எறிந்த காய்ந்த கப்பல் பிஸ்கட்டை நாய்கள் அடிபட்டுத் தின்றதைக் கண்டுதான் அவருக்கு யோசனை வந்தது என்று கதை. கோதுமை, பீட்றூட், மரக்கறி, மாட்டிறைச்சி சேர்த்து நாய் கேக் செய்தார். வேட்டை நாய் வளர்த்த கனவான்களுக்கே முதலில் விற்றார். கதை உண்மையென்றால், முதல் தொழிற்சாலை நாய் பிஸ்கட்டே ஒரு மிச்சத்தைப் பார்த்துப் பிறந்ததுதான். அவருடைய நிறுவனத்தில் வேலை செய்த சார்ள்ஸ் க்ரஃப்ட், 1891இல் தன் பெயரிலேயே லண்டனில் நாய்க் கண்காட்சி தொடங்கினார். இன்றும் நடக்கும் 'க்ரஃப்ட்ஸ்' அதுதான். நாய்க்கு இனமும் பரிசும் வர, சாப்பாட்டுக்கும் அந்தஸ்து வந்தது. 1908இல் நியூயோர்க்கில் எலும்பு வடிவ மில்க்-போன் வந்தது. 1931இல் நாபிஸ்கோ அதை வாங்கியது.

பிறகு யுத்தம். 1939 செப்டெம்பரில் பிரித்தானியா போரை அறிவித்த முதல் வாரத்தில் மட்டும் லண்டனில் ஏறத்தாழ 4 இலட்சம் நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டன என்கிறார் வரலாற்றாசிரியர் ஹில்டா கீன். குண்டு ஒன்றும் அப்போது விழவில்லை. வளர்த்தவர்களே வரிசையில் நின்று கொடுத்தார்கள். குண்டுக்குப் பயம், சாப்பாடு காணாமல் போகும் என்ற பயம் இரண்டும் சேர்ந்த முடிவு அது. 1940இல் மனிதர் உண்ணக்கூடிய உணவை வீணாக்குவது குற்றமாக்கப்பட்டது. நாய்க்குப் பங்கீட்டு அட்டை கிடையாது. தப்பிய நாய்கள் பங்கீட்டில் வராத உருளைக்கிழங்கு, மரக்கறி, வீட்டு மிச்சங்களை நம்பித்தான் இருந்தன. அமெரிக்காவில் தகரம் போருக்குப் போனதால் ரின்னில் வந்த நாய் உணவு நின்று, உலர் உணவு சந்தையைப் பிடித்தது.

யுத்தம் முடிந்தும் அது போகவில்லை. 1957இல் பியூரினா, காலையுணவுத் தானியங்கள் செய்யும் முறையிலேயே நாய் உணவையும் செய்து விற்றது. அடுத்த வருடம் அமெரிக்க நிறுவனங்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. மேசை மிச்சத்தை நாய்க்குப் போடாதீர்கள் என்பது அவர்களின் முக்கிய பிரசாரம். ஆனால் பக்கெற்றுக்குள் இருந்தது என்ன? இறைச்சிக் கொட்டிலிலும் மா ஆலையிலும் மிஞ்சியதுதான் அதில் பெரும்பகுதி. நாய் தின்றது அப்பவும் மிச்சம், இப்பவும் மிச்சம். வீட்டு மிச்சத்தின் இடத்தில் தொழிற்சாலை மிச்சம் வந்தது, அவ்வளவுதான். முன்பு சும்மா கிடைத்ததற்கு இப்போது காசு.

இதனால் பழையதெல்லாம் நல்லது என்று நாங்கள் சொல்லவரவில்லை. எங்கட கறிச்சட்டியில் வெங்காயமும் உள்ளியும் இருக்கும். இரண்டும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கக்கூடியவை. சொக்லேட், முந்திரிகை வற்றல், அவிச்ச எலும்பு இவையும் ஆபத்து. ஆகவே பிஸ்கட் செய்வதென்றால் கறி படாத வெறும் சோறு, உப்பில்லாமல் அவிச்ச பூசணி, கரட், மீன் என்று எடுங்கோ. அதுவும் நொறுக்குத்தீனிதான். நாளாந்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது மிருக வைத்தியர்களின் பொதுவான கணக்கு.

2022இல் ரூபாய் விழுந்து இறக்குமதிச் சாமான்கள் விலை ஏறியபோது, சனம் தன் சாப்பாட்டுக்கே வரிசையில் நின்றது. அப்படியான நாட்களில் ஒரு வீட்டு நாயின் உயிர் பக்கெற்றை மட்டும் நம்பியிருந்தால், லண்டன்காரருக்கு 1939இல் வந்த யோசனை எங்களுக்கும் வர எவ்வளவு நேரம்? மிச்சத்தைப் பக்குவமாகப் பகிரத் தெரிந்த குசினியில் அந்த யோசனைக்கு இடம் குறைவு. பானையில் ஒரு பிடி சோறு மிஞ்சினால், குழம்பு ஊற்ற முதல் அதை எடுத்து வையுங்கோ.