விசாகப்பட்டினத்து வீரபாகு

கடற்போர் என்றதும், நாஞ்சில் நாட்டினின்று வந்து இந்த ஆரியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் வேரூன்றிய நம்மவர் நாவில் முதலில் எழுவது குளச்சலே. 1741-ஆம் ஆண்டில் மார்த்தாண்டவர்ம மகாராஜா டச்சுக்காரரை அங்கே முறியடித்த வரலாற்றை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஆயின், நாகர்கோவிலிற் பிறந்த ஒருவர் தலைமை தாங்கி, விசாகப்பட்டினத்தில் பகைவரின் நீர்மூழ்கிக் கப்பலை எதிர்கொண்ட வரலாற்றை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அதனையும், அவ்வூரில் அமைந்த நீர்மூழ்கிக் கப்பல் தளத்தின் கதையையும் இம்மலர் வாயிலாக அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

விசாகப்பட்டினம் நமக்கு அயலூர் அன்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரியும் வரை அது சென்னை மாகாணத்து ஊரே. கடலுக்குள் மூக்கை நீட்டிய குன்று ஒன்று காவல் நிற்க, அதன் பின்னே ஒடுங்கிய வாய்க்கால் வழியாக உட்புகும் துறைமுகம் அது. 1933-இல் திறக்கப் பெற்றது. 1942 ஏப்ரல் 6-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் அங்கே குண்டு வீசின. கீழைக் கடற்கரையில் புயலுக்கு ஒதுங்கும் புகலிடமும், சற்றுத் தொலைவு சென்றதுமே ஆழக் கடலும் ஒருங்கே வாய்த்த இடம் வேறு எளிதிற் கிட்டாது. நீரில் மறைந்து செல்லும் கலத்திற்கு இவ்விரண்டும் இன்றியமையாதன.

நம் நாட்டின் முதல் நீர்மூழ்கிக் கப்பலாகிய 'கல்வாரி', 1967 டிசம்பர் 8-ஆம் நாள், அன்றைய சோவியத் நாட்டைச் சேர்ந்த ரீகா துறைமுகத்தில் நம் கடற்படையில் சேர்ந்தது. அதன் முதல் தலைவர் கமாண்டர் கே. எஸ். சுப்பிரமணியன். அவ்வாண்டுப் போரினால் சூயஸ் கால்வாய் அடைபட்டிருந்தமையின், ஆப்பிரிக்காக் கண்டத்தையே சுற்றிக்கொண்டு 1968 ஜூலையில் அது விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தது. 'கண்டேரி', 'கரஞ்ச்', 'குர்சுரா' என்பன அடுத்தடுத்துப் பின்தொடர்ந்தன. கரையில் தளம் முற்றும் அமையாத அந்நாளில், சோவியத் நாட்டினின்று வாங்கிய மற்றொரு கப்பல் இவற்றுக்குத் தாயாக நின்று பேணிற்று. அதன் பெயரே 'அம்பா'!

1971 மே மாதத்தில் கரையில் தளம் அமைந்தது. அதற்கு 'வீரபாகு' என்று பெயர். கந்தபுராணம் கேட்டு வளர்ந்த நமக்கு இப்பெயரைக் கேட்டதும் மெய் சிலிர்க்கும். முருகப்பெருமானின் தூதராய்க் கடல் கடந்து வீரமகேந்திரபுரம் புகுந்தவர் அல்லரோ வீரபாகு தேவர்? விசாகமோ முருகனுக்குரிய நாள். பெயரிட்டோர் இவ்வளவும் எண்ணித்தான் இட்டனரோ, அறியோம். பொருத்தம் மட்டும் குறைவற அமைந்துவிட்டது.

தளம் எதற்கு என்று சிலர் வினவலாம். அக்காலத்து நீர்மூழ்கி, நீருக்கடியில் மின்கல அடுக்குகளின் ஆற்றலால் ஓடும். மின்சாரம் தீர்ந்தால், மேல்மட்டத்தருகே வந்து குழாய் வழியே காற்றை இழுத்து, டீசல் எந்திரங்களை ஓட்டி மின்கலங்களுக்கு மீண்டும் மின்னேற்ற வேண்டும். ஏறத்தாழ 91 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழலுக்குள் எழுபத்தைந்து பேர் வாரக் கணக்கில் வெயிலையே காணாது வாழ்வர். மின்கலங்களை மாற்றுதல், டார்ப்பீடோக்களைச் செப்பனிட்டு ஏற்றுதல், திரும்பி வந்தோர்க்கு உறைவிடமும் மருத்துவமும் அளித்தல் ஆகிய யாவும் தளத்தின் பணிகள். மூழ்கிய கலத்தினின்று தப்பி மேலெழுவதற்கான பயிற்சியும் விசாகையிலேயே அளிக்கப்படுகின்றது; 1974-இல் தொடங்கிய 'சாதவாகனா' பள்ளி அதற்கு உரியது.

தளம் தொடங்கி ஏழு மாதங்களும் நிறையவில்லை, போர் மூண்டது. அப்போது கிழக்குக் கடற்படைத் தளபதியாக விளங்கியவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். நாம் முதலிற் குறித்த நாகர்கோவில்காரர் இவரே. நம் விமானந்தாங்கிக் கப்பலாகிய 'விக்ராந்த்'தை அழிக்கப் பாகிஸ்தான் அனுப்பியது 'காஜி' என்னும் நீர்மூழ்கி. விக்ராந்த்தை அந்தமான் பக்கம் மறைத்துவிட்டு, அது விசாகையிலேயே இருப்பதாகப் பகைவரை நம்பவைத்தார் கிருஷ்ணன். 'ராஜபுத்' என்னும் சிறு போர்க்கப்பல் விக்ராந்த் போல நடித்துக் கம்பியில்லாத் தந்தியில் ஓயாது பேசிற்று. மாபெரும் கப்பலொன்று வரப்போவது போல, காய்கறியும் இறைச்சியும் பெருமளவில் வேண்டுமெனக் குத்தகைதாரர்களுக்கு உத்தரவு பறந்தது. கடைத்தெருவில் ஒரு செய்தி எத்துணை விரைவிற் பரவும் என்பதைச் சாலை வியாபாரிகளுக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ! விக்ராந்த் மாலுமி ஒருவர், நோயுற்ற தம் தாயின் நலம் கேட்டதாக ஒரு பொய்த் தந்தியும் மறைமொழி இன்றி வெளிப்படையாகவே அனுப்பப்பட்டது.

டிசம்பர் 3-ஆம் நாள் நள்ளிரவு கடந்த சிறு போதில் துறைமுகத்திற்கு வெளியே பெருவெடி கேட்டது. கரையிலிருந்த வீடுகளின் சன்னல்கள் அதிர்ந்தன. காஜி மூழ்கிற்று. ராஜபுத் வீசிய ஆழ்நீர்க் குண்டுகளால் என்பது நம்மவர் கூற்று. அதனுள்ளேயோ, அது தானே விதைத்த கண்ணிகளாலோ நேர்ந்த வெடிப்பென்பது அவர்கள் கூற்று. எவ்வாறாயினும் அதிலிருந்த 93 பேரும் மாண்டனர். அக்கலம் விசாகையின் வாயிலிலேயே இன்றும் கிடக்கின்றது. நாம் இதனை ஆரவாரத்தோடு எழுதவில்லை. ஏனெனில், ஆறு நாள் கழித்து மேற்குக் கடலில் பாகிஸ்தானின் மற்றொரு நீர்மூழ்கியாகிய 'ஹாங்கோர்' நம் 'குக்ரி' கப்பலைத் தாக்க, கேப்டன் முல்லாவும் அவருடன் நம்மவர் நூற்றுத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோரும் கடலுக்கு இரையாயினர். தாய்மார் கண்ணீருக்கு இந்தக் கரை அந்தக் கரை என்று உண்டோ?

முதற் கலமாகிய கல்வாரி 1996-இல் ஓய்வு பெற்றது. 2001-இல் ஓய்வு பெற்ற குர்சுரா, மறு ஆண்டு முதல் விசாகைக் கடற்கரையில் காட்சிக் கூடமாய் நிற்கின்றது. அவ்வூருக்குச் செல்லும் அன்பர்கள் உள்ளே புகுந்து காணலாம். அங்கேயே கட்டிய அணுவாற்றல் நீர்மூழ்கியாகிய 'அரிஹந்த்' 2009-இல் நீரில் இறங்கி 2016-இல் படையிற் சேர்ந்தது. 'அரிகாத்' 2024-இல் சேர்ந்தது. இவை காற்றுக்காக மேலெழ வேண்டுவதில்லை. 2021 ஏப்ரலில் இந்தோனேசியாவின் 'நங்காலா' என்னும் நீர்மூழ்கி 53 பேருடன் காணாமற்போனபோது, ஆழ்கடல் மீட்புக் கலத்துடன் ஒரு கப்பல் விசாகையினின்றே விரைந்தது. போய்ச் சேருமுன்னரே, நங்காலா உடைந்து கிடப்பது தெரியவந்தது.

இனி நம் ஊர்ப்பக்கத்துச் செய்தி ஒன்று. நீரில் மூழ்கியிருக்கும் கலத்தோடு சாதாரண ரேடியோவாற் பேச இயலாது. உப்புநீர் அலையை விழுங்கிவிடும். மிக நீண்ட அலைகளே சில பத்து மீட்டர் ஆழம் வரை ஊடுருவும். அவற்றை அனுப்பும் நிலையம், திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரி வட்டத்தில், விஜயநாராயணத்தில் உள்ளது. 1990 அக்டோபர் 20-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அதனைத் தொடங்கி வைத்தார். பெயர் 'கட்டபொம்மன்'. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்கு வண்டியேறும் நாம் நாங்குநேரியை எத்தனை முறை கடந்திருப்போம்!

இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இதில் ஒரு வியப்பு. நம் தொழிலில் அடுத்த நிலையத்தினின்று மறுமொழி வராமல் வண்டியை விடமாட்டோம். அங்கோ, விஜயநாராயணம் பேசும், ஆழத்திலுள்ள கலம் கேட்டுக்கொள்ளும், மறுமொழி சொல்லாது. சொன்னால், இருக்குமிடம் பகைவருக்குத் தெரிந்துவிடும்.